மேயரம்மாவின் அண்ணன்

1

நான் குடியிருக்கும் ஊரின் மேயர் போன வாரம் பதவி விலகினார். ஊர்ப் பணத்தில் குடும்பத்தோடு விடுமுறைக்குப் போய்விட்டு, அலுவல் பயணம் என்று கணக்குக் காட்டினார் என்பது புகார். கனடாவில் இது சின்ன ஊர். அதிகாரமும் சின்னது, திருட்டும் சின்னது. டவுன் ஹால் வாசலில் நின்று ஒரு தாளைப் பார்த்துப் படித்தார், மன்னிப்புக் கேட்டார், தன் காரைத் தானே ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார். என்னோடு வேலை செய்கிறவர்கள் இரண்டு நாள் அதைச் சொல்லிச் சிரித்தார்கள். அப்புறம் ஹாக்கியைப் பற்றிப் பேசப் போய்விட்டார்கள்.

அவர் விலகிய அன்றைக்குச் சாப்பிடும்போது என் மகள் கேட்டாள். "அப்பா, அத்தையும் இப்படித்தான் ரிசைன் பண்ணாங்களா?"

இல்லை என்றேன். பிறகு ஆமாம் என்றேன். அவள் என்னைப் பார்த்துவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். இரண்டு வார்த்தைக்கு மேல் விளக்கம் கேட்கிற வழக்கம் அவளுக்கு இல்லை.

அவளுக்குச் சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன். எனக்கு எழுத வராது. ஆனால் எங்கள் ஊர்க்காரர்கள் இதைப் படிக்க வேண்டும். செல்போனில் என் முகத்தைப் பார்த்துக் கைதட்டினீர்களே, நீங்கள்தான் முக்கியமாகப் படிக்க வேண்டும்.

2

என் தங்கை பெயர் சாந்தாமணி. எங்கள் ஊருக்கு மேயராக இருந்தாள். கோயம்புத்தூர் உக்கடத்தில் பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்தில் வந்துவிடும் ஊர். பெயரைச் சொல்ல மாட்டேன். தெரிந்தவர்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்குத் தேவையில்லை. ஒரு சந்தையும் நாலு மில்லும் இருந்த ஊர். சுற்றியிருந்த ஊராட்சிகளையெல்லாம் சேர்த்து மாநகராட்சி என்று போர்டு மாட்டினார்கள். போர்டு புதிது. சாக்கடை பழையது.

மேயர் பதவியைப் பெண்களுக்கு ஒதுக்கினார்கள். சாந்தாமணியின் கணவன் தங்கவேல் பல வருடமாக மேயர் கனவோடு கட்சியில் சுற்றிக்கொண்டிருந்தவன். தான் நிற்க முடியாது என்றானதும் மனைவியை நிறுத்தினான். அவள் அப்போது ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். சாக்பீஸ் பிடித்த கையைக் கூப்பியபடி வேனில் நிற்கும் படம் எனக்கு வந்தது. பக்கத்தில் தங்கவேல் அவளைவிட உயரமாகக் கை கூப்பிக்கொண்டு நின்றான். ஜெயித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் என்னைக் கூப்பிடுவாள். அங்கே சாயங்காலம். மேயரான பிறகும் அது நிற்கவில்லை. மற்ற சொந்தக்காரர்கள் பேசினால் பனி எப்படி, பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்தாயிற்றா என்று கேட்பார்கள். அவள் மட்டும் என் வேலையைப் பற்றிக் கேட்பாள்.

என் வேலை என்ன என்று இங்கேயே சொல்லிவிடுகிறேன். நான் இந்த ஊர் நகராட்சியில் சாக்கடை அடைப்பு எடுக்கும் வண்டி ஓட்டுகிறேன். பெரிய உறிஞ்சு குழாய் வைத்த லாரி. மூடியைத் திறந்து குழாயை இறக்கினால் போதும், ஆள் இறங்க வேண்டாம். இறங்கவும் கூடாது, சட்டம். ஊரில் எல்லோரிடமும் "கவர்ன்மென்ட் வேலை" என்று மட்டும் சொல்லி வைத்திருந்தேன். சாக்கடை என்று சொன்னால் பந்தியில் பக்கத்து இலையில் உட்கார யோசிக்கிற ஜனம் நம்முடையது. யோசிக்க மாட்டோம் என்று யாரும் எனக்கு எழுத வேண்டாம். எனக்குத் தெரியும்.

சாந்தாமணிக்கு மட்டும் நிஜம் தெரியும். வண்டியை வீடியோ எடுத்து அனுப்பச் சொன்னாள். அனுப்பினேன். குழாய் எவ்வளவு ஆழம் போகும், சந்துக்குள் வண்டி திரும்புமா, ரிப்பேர் ஆனால் என்ன செய்வீர்கள் என்று வாரா வாரம் கேட்டாள். அண்ணன் செய்கிற வேலையை மதித்து ஒருத்தியாவது கேட்கிறாளே என்று நானும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன்.

3

அவள் மேயரான முதல் வருடமே எங்கள் ஊரில் பாதாளச் சாக்கடைக்குள் இறங்கிய ஒரு தொழிலாளி மேலே வரவில்லை. விஷவாயு. செய்தியைப் பேப்பரில் பார்த்துவிட்டு அவளைக் கேட்டேன். "அந்த ஊட்டுக்குப் போயிட்டு வந்தனுங்கண்ணா" என்றாள்.

பிறகு வரியை ஏற்றத் தீர்மானம் போட்டார்கள். வீட்டு வரி, கடை வரி, மண்டபம், குடோன் எல்லாவற்றுக்கும். அதே சமயம் சாக்கடை கட்டும் கான்ட்ராக்ட் தங்கவேலின் கூட்டாளிக்குப் போனது. கட்டிய சாக்கடை முதல் மழையிலேயே வாய் பிளந்தது. தங்கவேல் கமிஷன் பேசுகிற குரல் என்று ஒரு ஆடியோ சுற்றியது. ஜனங்கள் இரண்டையும் ஒன்றாக முடிச்சுப் போட்டார்கள். வரியை ஏற்றிக் கொள்ளையடிக்கிறாள் மேயர். எங்கள் ஊர் வாட்ஸப் குழுவில் என் தங்கை கழுத்தில் சாக்கடைக் குழாயை மாலையாகப் போட்ட படம் வந்தது. அதற்கு அறுபது வயதுப் பெரியவர் ஒருவர் கைதட்டும் பொம்மை போட்டிருந்தார். என் கல்யாணத்துக்கு வந்து சாப்பிட்டுவிட்டுப் போனவர்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் கூப்பிடவில்லை. நான் கூப்பிட்டேன். "மீட்டிங்குல இருக்கறனுங்கண்ணா" என்று வைத்துவிட்டாள். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. லீவு போட்டுவிட்டுப் புறப்பட்டேன்.

அவள் வீட்டில் நான் பார்த்ததை அப்படியே சொல்கிறேன். காலையில் முன்னறையில் தங்கவேல் உட்கார்ந்திருக்கிறான். கட்சிக்காரர்கள், கான்ட்ராக்டர்கள், இரண்டு கவுன்சிலர்கள். மாநகராட்சியிலிருந்து ஃபைல் வருகிறது. அவன் பிரித்துப் படிக்கிறான். மேயர் உள்ளே எல்லோருக்கும் காபி ஆற்றிக்கொண்டிருக்கிறாள். பிறகு அவன், "அம்மணி, இங்க கொஞ்சம் வாயேன்" என்கிறான். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து கையெழுத்துப் போட்டுவிட்டு மறுபடி உள்ளே போகிறாள்.

கொதித்துப் போனேன். அடுக்களையில் அவளிடம், "என்ன கண்ணு இது? மேயர் நீயா அவனா?" என்று கேட்டேன்.

"காபி ஆறிப்போகுதுங்கண்ணா, குடிங்க" என்றாள்.

எனக்கு வேறு சாட்சி வேண்டியிருக்கவில்லை. கண்ணால் பார்த்தாயிற்று.

4

வரியைப் பற்றிப் பொதுமக்கள் கருத்துச் சொல்லும் கூட்டத்தை ஒரு கல்யாண மண்டபத்தில் வைத்தார்கள். மண்டபக்காரரும் வரி ஏற்றத்தை எதிர்க்கிறவர்தான். ஆனாலும் வாடகையை வாங்கிக்கொண்டுதான் இடம் கொடுத்தார். முந்தின முகூர்த்தத்துக்குக் கட்டிய வாழைமரம் வாசலில் வாடி நின்றது. மணமக்கள் உட்காரும் மேடையில் என் தங்கை உட்கார்ந்திருந்தாள். பின்னால் ஜிகினாத் துணி. தங்கவேல் மேடையில் இல்லை. முதல் வரிசையில் கால் மேல் கால் போட்டு, அவளுக்கு நேர் எதிரே.

எங்கள் ஊர்க்காரர்கள் திட்டுவதைக் கேட்டிருக்கிறீர்களா? மரியாதை குறையாமல் கழுத்தை அறுப்பார்கள்.

"ஏனுங்க மேயரம்மா, தின்னது போதுமுங்களா, இன்னுங் கொஞ்சம் வெக்கட்டுங்களா?" என்றார் ஒரு மளிகைக் கடைக்காரர். சிரிப்பு.

"என்ற ஊட்டுக்கு முன்னால சாக்கடை ஒடஞ்சு கெடக்குதுங்க. அதுக்கும் சேர்த்து வரி போடுங்க. சொந்தமா ஆறு ஓடுதுன்னு நெனச்சுக்கறேன்."

"உங்க ஊட்டுக்காரரு புதுக் கார் ரொம்ப நல்லா இருக்குதுங்க. எங்க ரோட்டுல ஓட்டிப்போடாதீங்க, பாவம், குழில உழுந்துரும்."

நடுவில் போண்டாவும் டீயும் வந்தன. திட்டியவரும் திட்டு வாங்கிய அதிகாரியும் ஒரே தட்டில் சட்னி தொட்டுக்கொண்டார்கள். பிறகு மறுபடி உட்கார்ந்து திட்டினார்கள்.

சாந்தாமணி பதில் படித்தாள். தாளைப் பார்த்து, ஏற்ற இறக்கம் இல்லாமல். கூடுதல் வருவாய் கழிவுநீர் அகற்றும் இயந்திர ஊர்திகள் வாங்கப் பயன்படுத்தப்படும் என்று அதில் ஒரு வரி வந்தது. என் காதில் விழுந்தது, உள்ளே இறங்கவில்லை. இந்தத் தாளையும் அவன்தான் எழுதிக் கொடுத்திருப்பான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கூட்டத்தில் யாரும் கேட்கவில்லை. "ஏத்தாதே, ஏத்தாதே" என்று கத்திக்கொண்டிருந்தார்கள். தாளை மடித்து வைத்துவிட்டு அவள் தண்ணீர் குடித்தாள். கிளாஸைக் கீழே வைக்காமல் மறுபடி ஊற்றிக் குடித்தாள். எழுந்துவிட்டேன்.

மைக் வைத்திருந்த அலுவலர் என்னைத் தடுத்தார். "நீங்க இந்த ஊர்ல வரி கட்டறீங்களா சார்? வரி கட்டறவங்கதான் பேசலாம்."

"கட்டலீங்க. நான் கனடாவுல இருக்கறேன்."

"அப்பப் பேச முடியாதுங்க."

"நான் அவ அண்ணனுங்க."

அவ்வளவுதான். பின்னாலிருந்து ஒரு குரல், "பொறந்த ஊட்டுல இருந்து வந்திருக்காங்கப்பா, உடுங்க, பேசட்டும்" என்றது. அலுவலர் மைக்கைக் கொடுத்துவிட்டார். இங்கே டவுன் ஹாலில் எழுந்து நின்று மேயருக்கு நான் அண்ணன் என்று சொன்னால் போலீசைக் கூப்பிடுவார்கள். எங்கள் ஊரில் வழி விடுவார்கள். தங்கை கண் கலங்கினால் அண்ணன் போய் அவள் புகுந்த வீட்டு வாசலில் நின்று நியாயம் கேட்க வேண்டும். எங்கள் அப்பா என் அத்தைக்காகப் போய் நின்றிருக்கிறார். நானும் அப்படித்தான் போய் நின்றேன். மண்டபத்தில் ஆயிரம் பேர் இருந்தது என் கண்ணில் படவில்லை. எதிரில் தங்கவேல் இருந்தான், அது போதுமாக இருந்தது.

"என்ற தங்கச்சி ஒரு பைசா எடுத்திருக்க மாட்டா" என்றேன். "கான்ட்ராக்டும் அவ குடுத்ததில்ல. இந்த வரியும் அவ போட்டதில்ல. அவளுக்கு ஒண்ணுமே தெரியாது. கையெழுத்துப் போடற பொம்மைங்க அவ. ஆட்டி வெக்கறவன் இதா உக்காந்திருக்கறான் பாருங்க. அவனைக் கேளுங்க. அவளை உட்டுருங்க."

விசில் பறந்தது. கைதட்டல் அடங்கவே இல்லை. ஒருவர் ஓடி வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். தங்கவேல் அசையவில்லை. நான் மேடையைப் பார்த்தேன். சாந்தாமணி என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அழுதிருந்தால் எனக்குப் புரிந்திருக்கும். அழவில்லை. வகுப்பில் தப்பாகக் கணக்குப் போட்டுவிட்டு உட்காரும் பையனைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

5

அதற்கப்புறம் அந்த வீட்டில் தங்க முடியாது. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே லாட்ஜில் அறை எடுத்தேன். மறுநாள் மதியம் அவள் வந்தாள். மேயர் காரில் இல்லை, ஆட்டோவில், தனியாக. கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள்.

"பேசறதுக்கு முன்னால எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களாண்ணா?"

"கேட்டா நீ உட்டிருக்க மாட்டயே கண்ணு."

"அது தெரிஞ்சுதான் கேக்கலையாக்கும்."

நான் எழுந்து போய் ஃபேனைப் போட்டேன்.

"வரி நான் போட்டதுங்கண்ணா" என்றாள். "நானே உக்காந்து கணக்குப் போட்டேன். எந்தத் தெரு எவ்வளவு, எந்த மண்டபம் எவ்வளவுன்னு. அவரு வேண்டாம்னாரு. ஓட்டுப் போயிரும்னாரு, கட்சியில கத்துவாங்கன்னாரு. நான் கேக்கல."

"எதுக்கு? உனக்கு எதுக்கு இந்த வேலை?"

"நீங்க ஓட்டற வண்டி மாதிரி வாங்கறதுக்குத்தான். பின்ன எதுக்கு வாரா வாரம் உங்களை நோண்டி நோண்டிக் கேட்டேன்னு நெனச்சீங்க?"

அந்த லாட்ஜ் அறையில் ஃபேன் பெரிய சத்தம் போட்டது. அவள் அதற்கு மேல் குரலை உயர்த்தவில்லை. நான்தான் முன்னால் குனிந்து கேட்க வேண்டியிருந்தது.

"சாக்கடையில செத்தாரே, அவரு ஊட்டுக்குப் போனேன். அவரு சம்சாரம் என்னைப் பாத்து ஒண்ணுமே கேக்கல. ஏதாச்சும் கேட்டிருந்தா பதில் சொல்லிப்போட்டு வந்திருப்பேன். சேர் எடுத்துப் போட்டு உக்காருங்கன்னாங்க. அவ்வளவுதான். அதுக்கப்புறம் அந்தச் சேரை என்னால மறக்க முடியலீங்கண்ணா."

"சரி. அந்தக் கான்ட்ராக்ட்? அது?"

"அதும் நாந்தான். யாருக்குப் போகுது, என்ன ஆகும்னு தெரிஞ்சுதான் கையெழுத்துப் போட்டேன். கவுன்சிலருங்க பாதிக்கு மேல அவரு பேச்சைக் கேக்கறவங்க. சாக்கடை வேலையை அவரு ஆளுக்கு உட்டாத்தான் வரித் தீர்மானத்துக்குக் கை தூக்குவோம்னாங்க. தெரியாம போட்டேன்னு நெனச்சீங்களா? நான் கணக்கு டீச்சருங்கண்ணா."

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. "திருட்டுக்குக் கையெழுத்துப் போட்டுப்போட்டு நியாயம் பேசறயா? ஒடஞ்ச சாக்கடைல எத்தனை ஊட்டுக்குள்ள தண்ணி பூந்துச்சு, தெரியுமா உனக்கு?" என்று கத்தினேன். வராண்டாவில் போன பையன் எட்டிப் பார்த்தான்.

அவள் தலையாட்டினாள். "அதைக் கேளுங்க. திருடின்னு சொல்லுங்க, கேட்டுக்கறேன். ஊரே சொல்லுது, நீங்களும் சொன்னா என்ன? ஆனா பொம்மைன்னு நீங்க சொல்லியிருக்கக் கூடாதுங்கண்ணா. அவரே என்னை நாலு பேருக்கு முன்னால அப்படிச் சொன்னதில்ல."

எழுந்து சேலையைச் சரி செய்துகொண்டாள். டீ சொல்கிறேன் என்றேன். "வாரேனுங்கண்ணா" என்று படி இறங்கினாள். ஜன்னலிலிருந்து பார்த்தேன். ஆட்டோக்காரர் அவளை அடையாளம் தெரிந்துகொண்டு என்னமோ சொல்லிச் சிரித்தார். அவள் ஏறிப் போய்விட்டாள்.

இன்றைக்கும் சொல்கிறேன், அந்தக் கையெழுத்து திருட்டுதான். நல்லதுக்காகத் திருடினாலும் திருட்டுதான். இதில் எனக்கு மனம் மாறவில்லை. ஆனால் அவள் வாழ்நாளில் தன் மூளையால், தன் கையால், எல்லோரையும் எதிர்த்துச் செய்த ஒரே காரியத்தை அவளுடையது இல்லை என்று ஆயிரம் பேர் முன்னால் நான் சொல்லிவிட்டேன். அதுவும் அவளைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு.

6

நான் கனடா வந்து சேர்வதற்கு முன்பே என் பேச்சு ஊர் முழுக்கப் போனில் ஓடியது. எதிர்க்கட்சிக்காரர்கள் அதை மைக் செட்டில் போட்டார்கள். அவளை நிறுத்திய ஆளும் கட்சிக்கும் அது வசதியாகிவிட்டது. மேயருக்கு ஒன்றும் தெரியாது என்று அவருடைய அண்ணனே சொல்கிறாரே, ஒன்றும் தெரியாதவர் எதற்கு? உடல்நிலை காரணமாக விலகுவதாக எழுதி வாங்கிக்கொண்டார்கள். அவளுக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. மேயர் பொறுப்புக்கு வந்தவர் முதல் வேலையாக வரி ஏற்றத்தை ரத்து செய்தார். வாட்ஸப் குழுவில் பட்டாசுப் படங்களாக வந்து விழுந்தன. எனக்கும் தனியாக வந்தது. "உங்க தைரியத்துக்கு நன்றிங்க. நீங்க பேசலீன்னா இது நடந்திருக்காதுங்க."

வண்டி வாங்கும் திட்டத்தையும் அதோடு கைவிட்டார்கள். அதைப் பற்றிக் குழுவில் யாரும் ஒன்றும் போடவில்லை. அடைப்பு என்றால் எங்கள் ஊரில் இன்னும் ஆள்தான் இறங்குகிறார். மழைக்காலம் வரப்போகிறது.

தங்கவேலுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆடியோவில் இருப்பது தன் குரலே இல்லை என்று சொல்லிவிட்டான்.

அந்தச் சாப்பாட்டுக்கு மறுநாள் என் மகளுக்கு இவ்வளவையும் சொல்ல முயன்றேன். பாதி தமிழ், பாதி என்னுடைய ஓட்டை ஆங்கிலம். அவளுக்குக் கான்ட்ராக்ட் புரியவில்லை, கட்சி புரியவில்லை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கடைசியில் ஒன்று கேட்டாள். "நீங்க பேசணும்னு அத்தை கேட்டாங்களா?" அவளுக்குத் தமிழ் போய்விட்டது, நம் பழக்கவழக்கம் ஒன்றும் தெரியவில்லை என்று இத்தனை வருடமாக வருத்தப்பட்டுக்கொண்டிருந்தேன். அந்தப் பழக்கவழக்கம் தெரியாததால்தான் அவளால் அதைக் கேட்க முடிந்தது. எனக்குத் தோன்றவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் இப்போது நான்தான் கூப்பிடுகிறேன். தங்கவேல் எடுக்கிறான். மரியாதையாகப் பேசுகிறான். "மச்சான், நீங்க பேசுனதுல எனக்கு ஒரு வருத்தமும் இல்லீங்க. ஊருக்குள்ள என்ற செல்வாக்கு இன்னுங் கொஞ்சம் ஏறித்தான் இருக்குது" என்று சிரிக்கிறான். அவள் கோயிலுக்குப் போயிருக்கிறாள், அவள் குளிக்கிறாள், அவள் தூங்குகிறாள்.

போன ஞாயிற்றுக்கிழமை, "அடுப்படியில இருக்கறா, இருங்க" என்றான். போனை எடுத்துக்கொண்டு உள்ளே நடந்தான். காலடிச் சத்தம் கேட்டது. பாத்திரம் வைக்கும் சத்தம் கேட்டது. "யாருங்க?" என்று அவள் கேட்டாள். எத்தனையோ வாரம் கழித்து அந்தக் குரல்.

"உன்ற அண்ணன்" என்றான்.

மிக்ஸி ஓடத் தொடங்கியது. காதில் போனை அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றேன். எவ்வளவு நைசாக அரைத்தாலும் ஒரு சட்னிக்கு இவ்வளவு நேரம் ஆகாது. நிறுத்தினால் கூப்பிடலாம், சாந்தாமணி என்று ஒரு தடவை சொன்னால் போதும் என்று வாயைத் திறந்தபடி காத்திருந்தேன்.

அவள் நிறுத்தவில்லை. தங்கவேல்தான் போனை வைத்தான்.